புது ஆள் வரும் வரை

மலாக்கா சுல்தான்களின் வம்சக் கதை மாசிடோனியாவில் தொடங்குகிறது. 'செஜாரா மெலாயு'வின் முதல் அத்தியாயத்தைத் திறந்தால் ராஜா டாரப்பின் மகன் ராஜா இஸ்கந்தர் நிற்கிறான். ரூம் தேசம், மக்கதுனியா நாடு. சூரியன் உதிக்கும் இடத்தைப் பார்க்கப் புறப்பட்டவன் இந்திய எல்லைக்கு வந்து, கிடா ஹிந்தி என்ற அரசனைத் தோற்கடித்து, அவன் மகளை மணக்கிறான். பிறகு அந்த வம்சம் நாகப்பட்டினத்து அரச குடும்பத்தோடு கலக்கிறது. அதில் பிறந்த ராஜா சூலான் கண்ணாடிப் பெட்டியில் ஏறிக் கடலுக்கு அடியில் போகிறான். அவன் பிள்ளைகள் பலெம்பாங்கில் ஒரு மலைமேல் தோன்றுகிறார்கள்.

நம் ஆட்கள் இந்தக் கதையில் பிடித்துக்கொள்வது ராஜா சூலானைத்தான். சோழன் என்ற சொல்லின் எதிரொலி அதில் கேட்கிறது. 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரத்துக்கு வந்தது மலாய்க் கதைக்குள் இப்படி மிச்சமிருக்கிறது என்று சொல்லிப் புலனக் குழுக்களில் வாரம் ஒருமுறையாவது யாராவது பகிர்வார்கள். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் கதையின் இன்னொரு முனை, அதாவது மக்கதுனியா முனை, கொஞ்ச நாளாக என்னை விடவில்லை. இஸ்கந்தர் வந்தான், வென்றான், போனான். சரி. அவன் போன பிறகு அந்த ஊரை யார் பார்த்துக்கொண்டார்கள்?

வரலாற்று மாணவன் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். தோட்டத்தில் பிறந்தவன் கேட்பான். பெரிய துரை வந்து பார்த்துவிட்டுக் கார் ஏறிப் போன பிறகுதான் எங்களுக்கு நாள் தொடங்கும்.

அலெக்சாண்டர் கி.மு. 326-இல் ஜீலம் ஆற்றங்கரையில் போரஸை வென்ற கதை எல்லோருக்கும் தெரியும். பள்ளிப் பாடத்தில் அவர் புருஷோத்தமர். உன்னை எப்படி நடத்த வேண்டும் என்று வென்றவன் கேட்க, அரசனை நடத்துவதுபோல என்று தோற்றவன் பதில் சொன்ன இடத்தில் ஆசிரியர்கள் குரலை உயர்த்துவார்கள். 2004-இல் வந்த ஆலிவர் ஸ்டோனின் படத்திலும் யானைச் சண்டைதான் உச்சம். தாய்லாந்துக் காட்டில் எடுத்தார்கள். போரஸுக்கு நாடு திரும்பக் கிடைத்தது, கூடுதல் நிலமும் கிடைத்தது என்பதோடு பாடம் முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு போரஸ் என்ன ஆனார் என்று தேடியபோதுதான் யூடெமஸ் கிடைத்தான். வேலையிடத்தில் கன்டெய்னர் ஆபீசில் உட்கார்ந்து, மழை விடுவதற்காகக் காத்திருந்த மத்தியானங்களில், கைப்பேசியில் தியோடோரஸின் மொழிபெயர்ப்பைப் படித்தேன். சிசிலித் தீவில் பிறந்து, நடந்தவற்றுக்கு இருநூற்றைம்பது வருடத்துக்கும் மேல் கழித்து எழுதியவர். ஆனால் அவருக்கு முன்னால் இருந்தது ஹிரோனிமஸ் என்பவரின் நூல். ஹிரோனிமஸ் அந்தப் போர்களில் இருந்தவர், காயம்பட்டுப் பிடிபட்டவர். அதனால் எண்கள் சும்மா வந்தவை அல்ல.

கதை இதுதான். அலெக்சாண்டர் இந்தியப் பகுதிக்கு பிலிப் என்ற தளபதியை மாகாண ஆளுநராக வைத்துவிட்டுத் தெற்கே இறங்கினான். கூலிப்படை வீரர்கள் பிலிப்பைக் கொன்றுவிட்டார்கள். செய்தி அலெக்சாண்டரை எட்டியபோது அவன் இந்தியாவை விட்டு வெகுதூரம் போயிருந்தான். ஒரு கடிதம் அனுப்பினான். தட்சசீலத்து அரசன் அம்பிக்கும் (அந்நியன் பட அம்பியை நினைக்காதீர்கள், இவன் சமாதானம் பேசிப் பிழைத்தவன்) அங்கிருந்த தளபதி யூடெமஸுக்கும். நான் வேறு ஆளுநரை அனுப்பும் வரை பிலிப்பின் பகுதியைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம்.

வேறு ஆளுநர் வரவில்லை. கி.மு. 323-இல் பாபிலோனில் அலெக்சாண்டர் செத்துப்போனான். கடிதம் எழுதியவன் இல்லை, கடிதம் மட்டும் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. யூடெமஸ் அப்படியே ஏழெட்டு வருடம் இருந்தான்.

தமிழில் இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது. பொறுப்பு. பொறுப்புத் தலைமையாசிரியர், பொறுப்பு மேனேஜர் என்கிறோம். தற்காலிகம் என்பதற்கும் கடமை என்பதற்கும் நம்மிடம் ஒரே சொல்தான். மலாயில் 'பெமாங்கு' என்றால் பதில் ஆள். அதில் கடமை தொனிக்காது. அந்தக் காலப் பாரசீக நிர்வாகத்தில் ஆளுநருக்கு 'சத்ரப்' என்று பெயர். நாட்டைக் காப்பவன் என்று அதற்கு வேர்ப்பொருள். அலெக்சாண்டர் பாரசீகத்தைப் பிடித்ததும் அந்தப் பதவியை அப்படியே வைத்துக்கொண்டான். யூடெமஸ் பொறுப்பு சத்ரப், பதில் காவல்காரன்.

நான் பிறந்தது தஞ்சோங் காராங்கிலிருந்து உள்ளே போகும் ஒரு செம்பனைத் தோட்டத்தில். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் நெல்வயல், பாகான் பாசிர் மீன், பக்கத்தில் செகிஞ்சான். பெர்னாம் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டித் தெங்கி ஆற்றில் விட்டு, அங்கிருந்து வயல்களுக்குத் தண்ணீர் பிரிக்கும் பாசனத் திட்டம் எங்கள் பகுதியின் பெரிய பொறியியல் வேலை. நான் பொறியியல் எடுத்ததற்கு அந்த மதகுகளும் ஒரு காரணம். ஆனால் அந்தத் தண்ணீர் எங்களுக்கில்லை. நாங்கள் வயலுக்கு அந்தப் பக்கம், லயத்தில்.

தோட்டம் கைமாறியபோது எனக்குப் பதினொரு வயது. பழைய மேனேஜர் ஓய்வு பெற்றுப் போனார். உதவி மேனேஜராக இருந்தவர் பொறுப்பு மேனேஜர் ஆனார். கெட்டவர் இல்லை. தீமிதிக்கு லோரி கொடுப்பார், கல்யாணத்துக்கு வந்து மொய் வைப்பார், அப்பாவைப் பேர் சொல்லி, "என்னா மண்டோரே, பசியாறியாச்சா?" என்று கேட்பார். ஆனால் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். கூரை ஒழுகுது சார். "நான் பொறுப்புதான்பா, புது மேனேஜர் வரட்டும்." வீட்டு மனை கொடுப்பதாகப் பழைய முதலாளி சொன்னாரே. "எழுதி வைங்க, புது மேனேஜர் வந்ததும் நானே கொடுக்கிறேன்." அப்பா மூன்று மனு எழுதி வைத்தார். கார்பன் பிரதிகள் இன்னமும் வீட்டு அலமாரியில் இருக்கின்றன.

நாலு வருடம் புது மேனேஜர் வரவில்லை. ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் டிராக்டர்களை ஒவ்வொன்றாக லோரியில் ஏற்றினார்கள். எடைமேடை இயந்திரத்தைக் கழற்றினார்கள். கடைசியாகத் தண்ணீர்த் தொட்டியின் பம்பு. அதை ஏற்றும்போதுதான் பெண்கள் சத்தம் போட்டார்கள். பொறுப்பு மேனேஜர் அன்று ஆபீசுக்கு வெளியே நின்று, யார் முகத்தையும் பார்க்காமல், பட்டியலில் டிக் அடித்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அவரும் இல்லை. வேறு மாநிலத்தில் வேறு தோட்டம், இந்த முறை நிரந்தர மேனேஜர் என்று பிறகு கேள்விப்பட்டோம். கொண்டுபோன டிராக்டர்களும் அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தன.

தியோடோரஸில் அந்த இடத்துக்கு வந்தபோது நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அலெக்சாண்டரின் தளபதிகள் சாம்ராஜ்யத்தைப் பங்குபோட்டுச் சண்டையிட்டுக்கொண்டிருந்த காலம். கி.மு. 320-ஐ ஒட்டி நடந்த பங்கீட்டில் போரஸையும் அம்பியையும் யாரும் தொடவில்லை. ராஜாங்கப் படையும் நல்ல தளபதியும் இல்லாமல் அவர்களை அசைக்க முடியாது என்பதுதான் காரணம். படை இல்லாமல் முடியாததை யூடெமஸ் துரோகத்தால் முடித்தான். போரஸைக் கொன்று யானைகளை எடுத்துக்கொண்டான். தியோடோரஸ் இதை ஒரே வாக்கியத்தில், அதுவும் யானைகளின் எண்ணிக்கையைச் சொல்லும்போது போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். பள்ளிக்கூடங்களில் குரலை உயர்த்தி நடத்தப்படும் அரசனின் முடிவு, ஒரு சரக்குப் பட்டியலின் அடிக்குறிப்பு.

கி.மு. 317-இல் யூடெமஸ் மேற்கே கிளம்பினான். 500 குதிரை வீரர்கள், 300 காலாட்கள், 120 யானைகள்.

எனக்குக் கணக்குப் போடும் பழக்கம் உண்டு. ஒரு யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும். 120 யானைக்கு 18,000 கிலோ. அதாவது தினமும் 18 டன் பசுந்தீனி. எங்கள் தோட்டத்துக் குலை லோரியில் ஏற்றினால் இரண்டு நடை. ஜீலம் கரையிலிருந்து ஈரானின் சூசா வரை 2,500 கிலோமீட்டருக்குக் குறையாது. நாளைக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 125 நாள், ஓய்வில்லாமல். வழியில் மலை, பாலை. மொத்தம் 2,250 டன் தீனியை யார் வெட்டினார்கள், யார் சுமந்தார்கள்? ஒவ்வொரு யானைக்கும் ஒரு பாகனாவது இருந்திருக்க வேண்டும். 120 பேர். இந்த 120 பேர் 800 வீரர்களின் கணக்கில் இல்லை. யானையோடு சேர்ந்து யானையாகவே எண்ணப்பட்டிருக்கிறார்கள்.

நேற்றுவரை போரஸின் ஆட்களாக இருந்தவர்கள் அவர்கள். அரசனைக் கொன்றவனின் பின்னால் ஏன் போனார்கள் என்று நண்பன் ஒருவன் கேட்டான். யானையை விட்டுவிட்டு எங்கே போவது? பாகனுக்கு யானைதான் வீடு, சம்பளம், அடையாளம். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை போனால் வீடும் போகும் என்ற ஏற்பாடு எங்கள் தாத்தா காலத்து லயத்தில் இருந்தது, அப்பா காலத்திலும் இருந்தது.

பின்னாளில் கிரேக்க மொழியில் யானைப்பாகனுக்கே 'இந்தியன்' என்று பெயர் வந்துவிட்டது. எந்த நாட்டுக்காரன் யானையை ஓட்டினாலும் அவன் இந்தியன். இதைப் படித்தபோது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, ஒரு காலத்தில் இந்த நாட்டில் பால்மரம் வெட்டுவது என்றால் யார் முகம் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது என்று யோசித்தேன். ஒரு வேலைக்காகக் கொண்டுபோகப்பட்டவர்கள் அந்த வேலையின் பெயராகவே மாறிப்போவது பழைய கதை.

சூசாவில் யூடெமஸ் சேர்ந்துகொண்டது யூமெனிஸ் என்ற தளபதியோடு. இவனும் ஓர் ஆளுநர், கப்படோசியா மாகாணத்துக்கு. ஆனால் மாசிடோனியன் இல்லை, கார்டியா ஊரைச் சேர்ந்த கிரேக்கன். அலெக்சாண்டரின் தலைமை எழுத்தன், நம் பாஷையில் பெரிய கிராணி. எதிரில் ஒற்றைக்கண் ஆன்டிகோனஸ். யூமெனிஸ் யூடெமஸுக்கு அரச கருவூலத்திலிருந்து 200 தாலந்து கொடுத்தான். யானைப் பராமரிப்புக்கு என்று பேர். ஆளைப் பிடித்துவைக்கத்தான் காசு. ஒரு தாலந்து 26 கிலோ வெள்ளி என்றால் ஐந்து டன்னுக்கும் மேல். பாகன்களுக்கு அதில் எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் போட எனக்குச் சூத்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

அதே வருடம் பராடகீனே என்ற இடத்தில் நடந்த சண்டையில் யூமெனிஸிடம் 114 யானைகள், ஆன்டிகோனஸிடம் 65. இடப்பக்க அணியில் யூடெமஸ் நின்றான். இந்தியாவிலிருந்து வந்த படைக்குத் தலைவனான கேட்டியஸ் என்பவன் அந்தச் சண்டையில் செத்தான். அவனுடைய இரண்டு மனைவிகளும் கூடவே வந்திருந்தார்கள். யார் உடன்கட்டை ஏறுவது என்று இருவருக்கும் போட்டி. மூத்தவள் கர்ப்பமாக இருந்ததால் இளையவள் ஏறினாள். தியோடோரஸ் இதைப் பக்கக்கணக்கில் எழுதுகிறார். ஒரு விநோதம் என்பதால் அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. மூத்தவள், வயிற்றில் பிள்ளையோடு ஈரானின் நடுவில் நின்றவள், அதற்குப் பிறகு பக்கத்திலிருந்து மறைந்துவிடுகிறாள். எனக்கு அவளைத்தான் தொடர்ந்து போகவேண்டும் போலிருந்தது.

புளூடார்க் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலும் யூடெமஸ் ஒரு இடத்தில் வருகிறான். அங்கே அவன் ஆளுநர் இல்லை, யானைகளின் தலைவன். யூமெனிஸைக் கொல்லச் சக தளபதிகள் சதி செய்கிறார்கள். யூடெமஸ் ரகசியமாகப் போய் எச்சரிக்கிறான். விசுவாசம் என்று நினைத்துவிடாதீர்கள். யூமெனிஸுக்கு அவன் கடன் கொடுத்திருந்தான். ஆள் செத்தால் காசு வராது. அந்த யூமெனிஸ் கெட்டிக்காரன். தன்னைக் கொல்ல நினைப்பவர்களிடமே கடன் வாங்கி வைத்து உயிரைக் காப்பாற்றிக்கொண்டவன்.

கி.மு. 316 வாக்கில் கபியேனே சண்டை. உப்புப் படிந்த சமவெளி, எழும்பிய புழுதியில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆன்டிகோனஸின் குதிரைப்படை அந்தப் புழுதியின் மறைவில் பின்னால் போய், எதிரியின் மூட்டை முடிச்சுகளையும் பெண்டு பிள்ளைகளையும் பிடித்துவிட்டது. அவற்றை மீட்க யூமெனிஸின் சொந்த வீரர்களே அவனைப் பிடித்து ஆன்டிகோனஸிடம் கொடுத்தார்கள். யூமெனிஸ் கொல்லப்பட்டான். யூடெமஸும் கொல்லப்பட்டான். யானைகளை வென்றவன் எடுத்துக்கொண்டான். டிராக்டர்கள் திரும்பவும் கைமாறின.

யூடெமஸ் விட்டுப்போன இடம் என்ன ஆனது? போரஸ் இல்லை, யானைப்படை இல்லை, ஆளுநரும் இல்லை. அந்த வெற்றிடத்தில் சந்திரகுப்த மௌரியர் வந்து உட்கார்ந்தார். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, அலெக்சாண்டரின் இன்னொரு தளபதி செல்யூகஸ் வந்தபோது சண்டை உடன்படிக்கையில் முடிந்தது. செல்யூகஸ் நிலத்தை விட்டுக்கொடுத்தார். பதிலுக்குச் சந்திரகுப்தர் 500 யானைகள் கொடுத்தார். 120 யானைக்காக ஒருவன் அரசனைக் கொன்று ஊரை விட்டு ஓடிய அதே பூமி, 500 யானைகளை எண்ணிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றது. இருப்பது யார், கிளம்பப்போவது யார் என்பதில்தான் வித்தியாசம்.

யூடெமஸை அரக்கனாக்கி இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். எனக்கு மனம் வரவில்லை. அவனை அங்கே வைத்தவன் செத்துவிட்டான். சம்பளம் அனுப்ப யாரும் இல்லை. எட்டு வருடம் புது ஆளுக்காகக் காத்திருந்து, வரமாட்டான் என்று தெரிந்த நாளில், கையில் எடுத்துப்போக என்ன இருக்கிறது என்று சுற்றிப் பார்த்திருக்கிறான். கடிதம் அவனிடம் அதிகாரத்தைக் கொடுத்ததே தவிர ஊரைக் கொடுக்கவில்லை. தற்காலிகமாக வைக்கப்பட்டவனின் மனசு எப்போதும் வாசல் பக்கம்தான் இருக்கும். அது அவன் குணம் மட்டுமில்லை. அவனை வைத்தவன் செய்த ஏற்பாடும் அப்படி.

இதையெல்லாம் நான் சும்மா யோசிக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் நான் வேலை செய்யும் நிறுவனம் என்னைப் பகாங்கில் ஒரு நீர் சுத்திகரிப்பு ஆலைக் கட்டுமானத்துக்குப் பொறுப்பு மேனேஜராகப் போகச் சொன்னது. இருந்தவர் ராஜினாமா செய்துவிட்டார். புது ஆள் கிடைக்கும் வரை நீ பார்த்துக்கோ என்றார்கள். இருபத்தெட்டு வயதில் இது பெரிய வாய்ப்பு. அங்கே 38 தொழிலாளிகள், பாதிப்பேர் வங்காளதேசம், மீதி நேப்பாளம். துணைக் குத்தகைக்காரன் அவர்களுக்கு இரண்டு மாத மேலதிக நேரச் சம்பளம் பாக்கி வைத்திருந்தான். போன முதல் நாளே என்னிடம்தான் கேட்பார்கள். என்ன பதில் சொல்வதென்று எனக்குச் சின்ன வயதிலேயே மனப்பாடம். நான் பொறுப்புதான்பா, புது மேனேஜர் வரட்டும்.

அப்பாவிடம் சொன்னேன். செம்பனை மட்டை வெட்டி வெட்டிக் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன மனுஷன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கையெழுத்து போட விடுவாங்களா?"

"எதுக்குப்பா?"

"பில்லுக்கு, சம்பளத்துக்கு. நம்ம தோட்டத்துல இருந்தாரே, அவருக்கு ஒரு லைட் மாத்தக்கூட கையெழுத்து கிடையாது. பாவம், நாற்காலி மட்டும் கொடுத்து உட்கார வச்சுட்டானுங்க. நாங்க அவர்கிட்டதான் மனு கொடுத்தோம். அவரு யார்கிட்ட கொடுப்பாரு?"

பம்பு ஏற்றிய சனிக்கிழமைக்குப் பிறகு அந்த மனிதரைப் பற்றி அப்பா பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை. 'பாவம்' என்ற சொல்லை நான் எதிர்பார்க்கவில்லை.

நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். மூன்று விஷயம் கேட்டேன். பொறுப்பு எந்தத் தேதி வரைக்கும், எழுத்தில் வேண்டும். குறிப்பிட்ட தொகை வரை கையெழுத்து அதிகாரம் வேண்டும். துணைக் குத்தகைக்காரனின் அடுத்த பில்லிலிருந்து தொழிலாளர் பாக்கியைப் பிடித்து நேரடியாகக் கொடுக்க அனுமதி வேண்டும். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் சரி. தேதி மட்டும் சொல்ல முடியாது, ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். அலெக்சாண்டர் எழுதிய கடிதத்திலும் தேதி இல்லைதான். ஒத்துக்கொண்டேன்.

அங்கே நான் செய்த முதல் வேலை வருகைப் பதிவேட்டைத் தட்டச்சு செய்தது. முன்பு அதில் ஆட்கள் எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது: கம்பி கட்ட 14, பலகை அடிக்க 16, மற்றவை 8. இப்போது 38 பெயர்கள், பாஸ்போர்ட்டில் உள்ளபடி, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் எத்தனை மணி நேரம், எத்தனை வெள்ளி பாக்கி என்ற கணக்கோடு. ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசி, ஒவ்வொருவரிடமும் தொகையைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்க நான்கு இரவு ஆனது.

இதை எழுதும்போது நான் பகாங் வந்து ஐந்து வாரம் ஆகிறது. புது மேனேஜர் இன்னும் வரவில்லை. ஒரு மாதப் பாக்கியைப் பிடித்துக் கொடுத்தாயிற்று. இன்னொரு மாதம் இருக்கிறது. அடுத்த பில் பதினெட்டாம் தேதி என் மேசைக்கு வரும்.